முட்டைக் குப்பியில் எட்டு வாரம்: காசநோய்க் கல்ச்சர் சோதனையைப் புரிந்துகொள்வோம்

 

நமது டிரஸ்டின் மருத்துவ உதவிப் பிரிவுக்கு வருபவர்கள் இரண்டு கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். ஒன்று: "சளி கொடுத்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. கல்ச்சர் ரிசல்ட் இன்னும் வரவில்லை. தொலைத்துவிட்டார்களா?" மற்றொன்று: "முதல் சோதனையில் கிருமி இல்லை என்று வந்துவிட்டதே, பிறகு எதற்குக் கல்ச்சர்?"

இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது. ஆய்வகத்தில் காசநோய்க் கிருமிக்கு ஊட்டப்படும் உணவில்தான் அது இருக்கிறது. இதனை மீடியம் என்பார்கள். தமிழில் வளர்ப்பு ஊடகம் எனலாம். இந்த இதழின் பாடம் அதைப் பற்றியது. மருத்துவர்களுக்கு இது தெரியும். உதவி கேட்டு வருபவருக்கும் உதவி செய்யும் நமக்கும் தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

நாம் செய்த தவறு

சில ஆண்டுகளுக்கு முன் மரப்பட்டறையில் கூலி வேலை செய்த ஒரு சகோதரர் மாதாந்திர உணவு உதவி கேட்டு விண்ணப்பித்தார். தொடர் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைவு. சளியை நுண்ணோக்கியில் இருமுறை பார்த்ததில் கிருமி தென்படவில்லை. அந்தச் சீட்டின் அடியில் "கல்ச்சருக்கு அனுப்பப்பட்டுள்ளது" என்று ஒரு வரி இருந்தது. அதன் பொருள் நமக்குத் தெரியவில்லை. தெரிந்தவரிடம் கேட்கவும் இல்லை. ஜகாத் பணம் அமானிதம் அல்லவா, உறுதியில்லாமல் கொடுக்கக் கூடாது என்று பேசி, "நோய் உறுதியாகவில்லை" என எழுதி மனுவை முடித்துவிட்டோம்.

அவரோ அதைத் தமக்குக் கிடைத்த நற்செய்தியாக எடுத்துக்கொண்டார். "டிரஸ்டிலேயே நோய் இல்லைன்னு சொல்லிட்டாங்க" என்று வீட்டில் சொல்லிவிட்டு வேலை தேடி வெளியூர் போனார். ஏழாவது வாரத்தில் அவருடைய குப்பியில் கிருமி வளர்ந்தது. சுகாதாரப் பணியாளர் வீட்டைத் தேடி வந்தபோது அவர் ஊரில் இல்லை. அவரைக் கண்டுபிடித்துச் சிகிச்சையில் சேர்க்க மேலும் இரண்டு மாதம் ஆனது. அதற்குள் அவ்வப்போது அவர் ஊருக்கு வந்து தங்கிய அந்த ஒற்றை அறையில் அவருடைய தாயாருக்கும் இருமல் தொடங்கியிருந்தது. மருந்துச் சோதனையில் ஐசோநியசிட் என்ற முக்கிய மருந்து அவருக்கு எடுபடாது என்றும் தெரிந்தது.

அல்ஹம்துலில்லாஹ், தாயும் மகனும் முறையாக மருந்து சாப்பிட்டுக் குணமடைந்தார்கள். ஆனாலும் அந்த மாதங்களுக்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டும். அமானிதத்தைக் காப்பதாக எண்ணி, படிக்கத் தெரியாத ஒரு சீட்டை வைத்துத் தீர்ப்பு எழுதினோம்.

"கிருமி தென்படவில்லை" என்றால் என்ன?

சளியைக் கண்ணாடித் துண்டில் பூசி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்ப்பது ஸ்மியர் சோதனை. ஒரே நாளில் முடிவு தெரியும்; செலவும் குறைவு. ஆனால் ஒரு மில்லிலிட்டர் சளியில் சுமார் 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருந்தால்தான் அவை கண்ணில் படும். அதற்குக் கீழே இருந்தால் பார்ப்பவர் எவ்வளவு திறமைசாலியானாலும் தவறவிட வாய்ப்பு உண்டு.

கல்ச்சர் சோதனை அப்படியல்ல. ஒரு மில்லிலிட்டரில் 10 முதல் 100 உயிருள்ள கிருமிகள் இருந்தாலே போதும். அவற்றுக்கு உணவும் சூடும் கொடுத்துப் பெருகச் செய்தால் கண்ணுக்குத் தெரியும் கூட்டமாகிவிடும். ஆகவே ஸ்மியரில் "தென்படவில்லை" என்பதற்குப் பொருள் "இந்தக் கருவிக்குத் தென்படவில்லை" என்பது மட்டுமே. "இல்லை" என்று அதற்குப் பொருள் கொண்டதுதான் நாம் செய்த பிழை.

ஏன் இத்தனை நாள்?

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிருமி இரண்டாகி, இரண்டு நான்காகி, இப்படியே இருபது முறை இரட்டித்தால் பத்து லட்சத்தைத் தாண்டும். குடலில் வாழும் ஈ.கோலை என்ற பாக்டீரியா நல்ல உணவு கிடைத்தால் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். இருபது முறைக்கு 400 நிமிடம்; ஏழு மணி நேரம்கூட ஆகாது. காசநோய்க் கிருமி ஒருமுறை இரட்டிக்க 15 முதல் 20 மணி நேரம் எடுக்கும். 20 மணி என்று வைத்தால் இருபது முறைக்கு 400 மணி நேரம், அதாவது கிட்டத்தட்ட 17 நாள். இதுகூட ஒரு தடையும் இல்லாமல் வளர்ந்தால் ஆகும் கணக்கு. நடைமுறையில் முட்டை ஊடகத்தில் 3 முதல் 6 வாரம் ஆகும். 8 வாரம் பார்த்த பிறகுதான் "வளர்ச்சி இல்லை" என்று அறிக்கை எழுதுவார்கள்.

இந்த மந்தம் ஒரு மேதையையும் சோதித்தது. 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்ததாக அறிவித்த ராபர்ட் காக், கால்நடைகளின் இரத்தச் சீரத்தைச் சூட்டில் உறையவைத்து அதன்மேல் கிருமியை வளர்த்தார். மற்றக் கிருமிகள் ஓரிரு நாளில் வளர்ந்துவிடும். இதுவோ இரண்டாவது வாரத்தில்தான் கண்ணுக்குத் தெரியத் தொடங்கியது. முதல் வாரத்திலேயே "ஒன்றுமில்லை" என்று அவர் குழாய்களைக் கொட்டியிருந்தால் மார்ச் 24 இன்று உலகக் காசநோய் தினமாக இருந்திராது.

முட்டையில் ஓர் ஊடகம்

இன்றும் உலகெங்கும் பயன்படும் திட ஊடகத்துக்கு லோவன்ஸ்டைன்–ஜென்சன் என்று பெயர். வியன்னாவைச் சேர்ந்த லோவன்ஸ்டைன் உருவாக்கியதை டென்மார்க்கின் ஜென்சன் 1932இல் திருத்தியமைத்தார். ஆய்வகங்களில் சுருக்கமாக எல்.ஜே. என்பார்கள்.

இதன் முக்கியப் பொருள் சாதாரணக் கோழிமுட்டை. ஒரு வாரத்துக்கு மேற்படாத புது முட்டையாக இருக்க வேண்டும். ஆன்டிபயாடிக் தீவனம் தின்ற கோழியின் முட்டையாக இருக்கக் கூடாது. முட்டைகளைச் சோப்பு நீரில் தேய்த்துக் கழுவி, ஆல்கஹாலில் ஊறவைத்து, தூய்மையான பாத்திரத்தில் உடைத்து அடித்து, துணியில் வடிகட்டுவார்கள். ஒரு லிட்டர் முட்டைக் கலவைக்கு 600 மில்லிலிட்டர் உப்புக் கரைசலும் 20 மில்லிலிட்டர் மாலகைட் பச்சைச் சாயமும் சேர்ப்பார்கள். அந்த உப்புக் கரைசலில் பாஸ்பேட், மெக்னீசியம் உப்புகள், அஸ்பராஜின் என்ற அமினோ அமிலம், கிளிசரால் ஆகியவை இருக்கும். பச்சைச் சாயம் அழகுக்காகச் சேர்ப்பதல்ல. சளியோடு வரும் மற்றக் கிருமிகளை அடக்கி வைப்பது அதுதான்.

இந்தக் கலவையைச் சிறு குப்பிகளில் ஊற்றி, சாய்த்து வைத்து, 85 டிகிரி செல்சியஸ் சூட்டில் முக்கால் மணி நேரம் உறையவைப்பார்கள். வட்டிலப்பம் அவிக்கத் தெரிந்த நம் வீட்டுப் பெண்களுக்கு இதன் நுட்பம் உடனே விளங்கும். சூடு மிஞ்சினால் உள்ளே குமிழி விட்டு, நிறம் மாறி, பதம் கெட்டுவிடும். அப்படிக் கெட்ட குப்பியை ஒதுக்கிவிட வேண்டும். பதமாக உறைந்தவற்றை, வேறு கிருமி ஏதும் உள்ளே புகுந்துவிட்டதா என்று 37 டிகிரியில் வைத்துச் சோதித்த பின்பே பயன்படுத்துவார்கள்.

சளியை இட்ட பிறகு குப்பி நம் உடல் சூடான 37 டிகிரியில் வாரக்கணக்கில் இருக்கும். வாரம் ஒருமுறை எடுத்துப் பார்ப்பார்கள். காசநோய்க் கிருமி வளர்ந்தால் பச்சைப் பரப்பின்மேல் வெளிர்மஞ்சளாக, உலர்ந்து, சொரசொரப்பாக, ரொட்டித்தூள் ஒட்டியதுபோல் தெரியும்.

சளியைக் கழுவும் கட்டம்

நாம் கொடுக்கும் சளியில் வாயிலும் தொண்டையிலும் உள்ள எத்தனையோ கிருமிகள் கலந்திருக்கும். அவை வேகமாக வளர்பவை; விட்டுவைத்தால் இரண்டே நாளில் குப்பியை நிறைத்துவிடும். ஆகவே முதலில் சோடியம் ஹைட்ராக்சைடு என்ற காரத்தைக் கலந்து அவற்றைக் கொல்வார்கள். காசநோய்க் கிருமிக்கு மெழுகு போன்ற தடித்த உறை இருப்பதால் அது ஓரளவு தாக்குப்பிடிக்கும். ஓரளவு மட்டும்தான்! காரம் கூடினாலோ நேரம் நீண்டாலோ அதுவும் செத்துவிடும். பிறகு நோய் இருந்தும் குப்பி வெறுமையாக இருக்கும். குறைந்தாலோ மற்றக் கிருமிகள் மிஞ்சும்.

இதனால்தான் சில நேரம் "மாசுபட்டது" என்று அறிக்கை வருகிறது. திட ஊடகத்தில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து வரை இப்படி ஆவது இயல்பு என்று கணக்கிடுகிறார்கள். அறவே மாசுபடாத ஆய்வகத்தில் காரம் கடுமையாக இருக்கிறதோ என்றுதான் சந்தேகிக்க வேண்டும். மாசுபட்டது என்றால் நோய் உண்டு என்றும் பொருளில்லை, இல்லை என்றும் பொருளில்லை. மீண்டும் சளி கொடுக்க வேண்டும் என்பதே அதன் பொருள்.

எந்த மருந்து எடுபடும்?

கிருமி வளர்ந்துவிட்டால் அடுத்த கேள்வி இது. ஊடகத்திலேயே மருந்தைக் கலந்து, அதில் கிருமி வளர்கிறதா என்று பார்ப்பார்கள். 1960களில் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தின் கானெட்டியும் அவருடைய சகாக்களும் வகுத்த விகித முறை இதில் புகழ்பெற்றது. மருந்து இல்லாத குப்பியிலும் மருந்து கலந்த குப்பியிலும் ஒரே கிருமிக் கரைசலை இடுவார்கள். மருந்தில்லாததில் 200 கூட்டங்கள் வளர்ந்து, மருந்து கலந்ததில் இரண்டோ அதற்கு மேலோ வளர்ந்தால், அதாவது நூற்றில் ஒன்றை எட்டினால், அந்தக் கிருமி அந்த மருந்தை எதிர்க்கிறது என்று முடிவு செய்வார்கள். நாற்பதில் ஒன்றைக் கணக்கிட்டு ஜகாத் கொடுக்கும் நமக்கு இந்தக் கணக்கு கடினமல்ல.

நூற்றில் ஒன்றுதானே என்று எண்ணக் கூடாது. மருந்து மற்ற 99ஐயும் கொன்றால் மிஞ்சிய ஒன்று பெருகி இடத்தை நிரப்பிக்கொள்ளும். ஒரே மருந்து கொடுத்தாலும், கொடுத்த மருந்துகளை நோயாளி விட்டு விட்டுச் சாப்பிட்டாலும் நடப்பது இதுதான். நான்கு மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பதன் காரணமும் இதுவே: ஒன்றுக்குத் தப்பியதை மற்றொன்று பிடிக்கும்.

இங்கே ஊடகம் வெறும் உணவாக மட்டும் இல்லை. அளக்கும் மரக்காலாகவும் ஆகிறது. முட்டை ஊடகத்தில் ரிஃபாம்பிசின் மருந்தைச் சோதிக்க ஒரு மில்லிலிட்டருக்கு 40 மைக்ரோகிராம் கலக்கிறார்கள். திரவ ஊடகத்தில் இன்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு 0.5 மைக்ரோகிராம். எண்பது மடங்கு வேறுபாடு! முட்டையைச் சூட்டில் உறையவைக்கும்போது மருந்தின் வீரியம் குறைகிறது. முட்டைப் புரதமும் கொஞ்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. பைரசினமைடு என்ற மருந்தோ புளிப்புத் தன்மையுள்ள ஊடகத்தில்தான் வேலை செய்யும்; அந்தப் புளிப்பிலோ கிருமி சரியாக வளராது. ஆகவே அதற்குத் தனியாகத் தயாரித்த திரவ ஊடகம் தேவைப்படுகிறது. இரண்டு ஆய்வகங்களின் சீட்டுகளை அருகருகே வைத்து எண்களை ஒப்பிட்டு நாமே முடிவு கட்டக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். மரக்கால் மாறினால் அளவும் மாறும்.

விரைவான முறைகள் வந்த பின்பும்

திரவ ஊடகத்தில் வளர்க்கும் எம்.ஜி.ஐ.டி. முறையில் குழாயின் அடியில் ஒளிரும் பொருள் ஒன்று பதிக்கப்பட்டிருக்கும். கிருமி வளர்ந்து பிராணவாயுவை உறிஞ்ச உறிஞ்ச அது ஒளிரத் தொடங்கும். இயந்திரம் அதைக் கண்டு சொல்லிவிடும். பலருக்கு இரண்டு வார அளவில் வளர்ச்சி தெரிந்துவிடுகிறது. இல்லை என்று சொல்ல 42 நாள் காத்திருக்க வேண்டும்.

சிபிநாட் போன்ற மரபணுச் சோதனைகள் சுமார் இரண்டு மணி நேரத்தில் கிருமியையும், ரிஃபாம்பிசின் எதிர்ப்பையும் காட்டிவிடுகின்றன. அரசு மையங்களில் இன்று இத்தகைய சோதனையே முதலில் செய்யப்படுகிறது. நம் சகோதரருக்கு அன்று இது கிடைத்திருந்தால் கதை வேறாகியிருக்கலாம். ஆனாலும் மரபணுச் சோதனைக்கு உயிருள்ள கிருமியும் செத்த கிருமியும் ஒன்றுதான். சிகிச்சை நடக்கும்போது சளியில் செத்த கிருமிகள் வந்துகொண்டிருக்கும். மிஞ்சியிருப்பது உயிரோடு இருக்கிறதா என்று சொல்வது கல்ச்சர்தான். மருந்து எதிர்ப்புக் காசநோய்க்குச் சிகிச்சை பெறுபவரிடம் மாதந்தோறும் சளி கேட்பது இதற்காகவே. "நல்லாத்தானே இருக்கேன், மறுபடி எதுக்கு?" என்று மறுக்க வேண்டாம்.

சென்னை உலகுக்குச் சொன்னது

1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மதராஸ் அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து சென்னையில் ஒரு காசநோய் மையத்தைத் தொடங்கின. சேத்துப்பட்டில் உள்ள இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். காசநோயாளியைச் சானடோரியத்தில் ஒதுக்கி வைத்தே ஆக வேண்டும் என்று உலகம் நம்பிய காலம் அது. இந்த மையம் நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு வீட்டிலேயே மருந்து கொடுத்தது. மற்றொரு பகுதியினரைச் சானடோரியத்தில் வைத்து அதே மருந்தைக் கொடுத்தது. இரு சாராரின் சளியையும் தொடர்ந்து கல்ச்சர் செய்து பார்த்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமடைந்தார்கள் என்ற முடிவு 1959இல் வெளிவந்தது. அவர்களுடைய வீட்டாருக்கும் அதனால் கூடுதலாக நோய் பரவவில்லை.

இன்று காசநோயாளி தம் குடும்பத்தோடு இருந்தே குணமாகிறார் என்றால், அதற்குப் பின்னால் அந்தக் குப்பிகளை வாரந்தோறும் பார்த்தவர்களின் பொறுமை இருக்கிறது. காசநோய் என்று தெரிந்ததும் திருமணப் பேச்சை நிறுத்துவது, பாத்திரத்தைப் பிரித்து வைப்பது, ஜமாஅத் விருந்துக்கு அழைக்காமல் விடுவது ஆகியவை நம் மஹல்லாக்களில் இன்னும் நடக்கின்றன. மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுபவரை ஒதுக்க மார்க்கத்திலும் ஆதாரமில்லை, மருத்துவத்திலும் இல்லை.

நாம் செய்ய வேண்டியவை

1. எச்சிலைக் கொடுக்காதீர்கள்; சளியைக் கொடுங்கள். காலையில் எழுந்ததும், எதுவும் சாப்பிடுமுன், ஆழமாக மூச்சிழுத்து, நெஞ்சிலிருந்து இருமித் துப்பியது 2 முதல் 5 மில்லிலிட்டர் வேண்டும். திறந்த வெளியில், பிறர் அருகில் இல்லாதபோது எடுங்கள்.

2. முன்னதாக உளூவில் செய்வதுபோல் வெறும் தண்ணீரால் வாய் கொப்பளியுங்கள். மவுத்வாஷ் போன்ற கிருமிநாசினி வேண்டாம்.

3. மூடியை இறுக்கி அன்றே மையத்தில் சேர்த்துவிடுங்கள். வெயிலில் கிடந்த சளியில் மற்றக் கிருமிகள் பெருகிவிடும்.

4. ரமலானில் ஸஹர் உணவுக்கு முன் சளி எடுத்துக்கொள்ளலாம். நோயாளிக்கு மார்க்கம் நோன்பில் சலுகை தந்திருக்கிறது. மாத்திரையை நிறுத்துமுன் மருத்துவரையும் ஆலிமையும் கேளுங்கள்.

5. கல்ச்சர் முடிவு வரும்வரை மருத்துவர் தொடங்கிய மருந்தை நிறுத்தாதீர்கள். ஊர் மாறினால் முகவரியையும் கைப்பேசி எண்ணையும் மையத்தில் மாற்றிக் கொடுங்கள். அறிக்கை உங்களைத் தேடி வரும்போது நீங்கள் இருக்க வேண்டும்.

6. அரசு மையங்களில் சோதனையும் மருந்தும் இலவசம். சிகிச்சைக் காலத்தில் ஊட்டச்சத்துக்காக மத்திய அரசு மாதம் 500 ரூபாய் தந்து வந்தது. 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாய். வங்கிக் கணக்கு விவரம் கொடுத்துப் பெற்றுக்கொள்ளுங்கள். எழுத உதவி தேவையென்றால் நமது அலுவலகத்துக்கு வாருங்கள்.

நமது விண்ணப்பப் படிவத்தில் இப்போது மூன்று கேள்விகள் கூடியிருக்கின்றன: கல்ச்சருக்கு அனுப்பப்பட்டதா? எந்தத் தேதியில்? முடிவு வந்ததா? முடிவு வராதவரை எந்த மனுவையும் முடிப்பதில்லை. அந்த எட்டு வாரத்துக்கும் அரிசியும் பருப்பும் முட்டையும் வீட்டுக்குப் போகும். பிறகு நோய் இல்லை என்று தெரிந்தால் அல்ஹம்துலில்லாஹ். ஓர் ஏழைக் குடும்பம் எட்டு வாரம் பசியாறியது வீணாகப் போகாது.

நோயைத் தந்தவனே மருந்தையும் தந்திருக்கிறான் என்பது நம் நம்பிக்கை. அந்த மருந்து எது என்று தேடுவதும், தேடும் காலம்வரை பொறுத்திருப்பதும், பொறுத்திருப்பவரைப் பசியோடு விடாமலிருப்பதும் நம் கடமை. நோயுற்ற சகோதர சகோதரிகள் அனைவருக்கும் வல்ல அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.
செயலாளர்